வெட்டியெடுத்த மூச்சு

பேச்சு முடிந்த பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடவிட்டாள். கடைசி வாக்கியம், அதன் பின்னால் அவளே ஒட்டி வைத்த மௌனம், அந்த மௌனத்தின் வாலில் ஒரு மூச்சு. எதையோ சொல்ல வாயைத் திறக்கிறவர்கள் சொல்வதற்கு முன்னால் உள்ளே இழுக்கிற மூச்சு அது. வேறு யாராவது கேட்டிருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று போயிருப்பார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை. அந்தப் பதிவிலிருந்து ஒரு மூச்சு பாக்கியில்லாமல் வெட்டியெடுத்தவள் அவள்தான்.

வெட்டுவதுதான் அவள் வேலை. பதிவு செய்த பேச்சிலிருந்து இருமல், தயக்கம், நாற்காலி முனகல், எச்சில் விழுங்குகிற சத்தம், இரண்டு சொல்லுக்கு நடுவில் வருகிற மூச்சு எல்லாவற்றையும் கணினியில் பொறுக்கி எடுத்து எறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் வழவழவென்று ஒட்டிக் கொடுப்பாள். அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்றே பெயர். மேலாளர் வைத்தது. கத்தரி கையில் கொடுத்தால் தன் பெண்டாட்டி பேச்சுகூட இரண்டே வரியில் முடிந்துவிடும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் கண்காட்சி திறப்பு. ஐரோப்பாவின் பேர்போன ஓவியங்களை அசல் அளவிலேயே அச்செடுத்து, பரோக், இம்ப்ரஷனிஸம், எக்ஸ்பிரஷனிஸம், சர்ரியலிஸம் என்று அறைக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஹெட்போன் தொங்கும். எடுத்து மாட்டினால் பண்டிதர் யாரும் பேசமாட்டார். சாதாரண ஆள் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தபோது தன் மனதில் பட்டதைச் சொல்வார். மேலாளரின் யோசனை. பண்டிதர் வாயைத் திறந்தால் கூட்டம் கொட்டாவி விடும் என்பார் அவர். நல்ல யோசனைதான், வந்தவர்களும் மனம் விட்டுப் பேசினார்கள். குளத்தில் அல்லிப்பூ மிதக்கிற படத்தைப் பார்த்த பஸ் ஓட்டுநர், கண்ணாடியைக் கழற்றினால் தனக்கு ரோடே இப்படித்தான் தெரியும், இதற்குப் போய் இத்தனை பெரிய பேரா என்று சிரித்தார். பாலத்தின் மேல் காதைப் பொத்திக்கொண்டு வாய் பிளந்து நிற்கிற உருவத்தைப் பார்த்த பள்ளிக்கூட ஆசிரியை, இது கடைசி வகுப்பு முடிந்து வெளியே வருகிற நான் என்றாள். துணி மாதிரி மடிந்து தொங்குகிற கடிகாரங்களுக்கு ஒரு நர்ஸ் பேசினாள்.

பால் ஊற்றும் பெண்ணின் படத்துக்குத்தான் ஆள் அமையவில்லை. சமையலறையே கதி என்று இருக்கிற யாராவது பேசினால் எடுப்பாக இருக்கும் என்றார் மேலாளர். அவளுக்கு அண்ணியின் நினைவு வந்தது.

அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அதிர்ந்து பேசத் தெரியாதவள். எந்த வெயிலிலும் முழுக்கை உடுப்புதான், பக்கத்தில் வந்தால் வலிக்குத் தடவுகிற தைலத்தின் வாசனைதான். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் தெரியாததல்ல. தெரிந்துவிடுமோ என்று இருந்ததுதான். அண்ணனிடம் அனுமதி கேட்டபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். இவ பேசி யாரு கேக்கப்போறா, கூட்டிட்டுப் போ என்றான்.

பதிவு அறையில் சுவரோரம் படத்தைச் சாய்த்து வைத்து, எதிரில் ஒரு நாற்காலி போட்டு, அதில் அண்ணியை உட்கார வைத்தாள். இவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தாள். அண்ணி வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாக இருக்கிறது என்றாள். ஜன்னல் பக்கத்தில் நின்று அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்க்கிறாள், எவ்வளவு அமைதி என்றாள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் இவள் நினைத்தாள்.

"கைய மடிச்சு விட்டிருக்கா பாரு" என்றாள் அண்ணி. "முழங்கை வரைக்கும். எவ்வளவு வெள்ளையா, ஒரு கறை இல்லாம இருக்கு. நான் இப்படி மடிச்சு விட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா."

பிறகு சொன்னாள். அழாமல், குரல் ஏறாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் எதற்கெல்லாம் அடிப்பான், எதால் அடிப்பான், வெளியில் தெரியாத இடமாகப் பார்த்து எப்படி அடிப்பான். அடிக்கும்போது தான் வாயைத் திறப்பதே இல்லை, சத்தமே இல்லை என்றாள். திறந்தால் இன்னும் கூடும். கடைசியாகக் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள்.

"இத அப்படியே போடு. நாலு பேர் கேக்கட்டும். நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, நீ போட்டா நம்புவாங்க. நீ கேப்பேன்னுதான் வந்தேன். ஏதாவது சொல்லேன்மா."

அவள் ஒலி அளவு காட்டுகிற முள்ளைக் குனிந்து பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு தானாகப் புரண்டது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணி" என்றாள்.

அதற்கு மேலும் ஒன்று செய்தாள். பேச்சில் வெட்டிய இடம் பள்ளமாகக் கேட்கும் என்பதால், பேசி முடித்தவரைக் கொஞ்ச நேரம் அப்படியே சும்மா உட்காரச் சொல்லி அந்த அறையின் மௌனத்தைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பள்ளத்திலெல்லாம் அதை வைத்து ஒட்டுப் போடுவார்கள். அண்ணியையும் உட்காரச் சொன்னாள். அத்தனையும் சொல்லிவிட்டு, அண்ணி அதற்கும் கீழ்ப்படிந்து கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றே எல்லாவற்றையும் வெட்டினாள். மானம் கப்பலேறிவிடும், அம்மா தாங்கமாட்டாள், அலுவலகத்தில் தலை காட்ட முடியாது, அப்பா இல்லாத வீட்டில் தன்னை ஆளாக்கியவன் அண்ணன் என்று மனதுக்குள் ஆயிரம் சொல்லிக்கொண்டாள். எதையும் அவளே நம்பவில்லை. அண்ணியின் புகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டாள். அது குட்டையாக இருந்ததால், அடி வாங்கும்போது சத்தமே இல்லை என்று அண்ணி சொன்னதில் கடைசி இரண்டு சொல்லை மட்டும் கத்தரித்து, எவ்வளவு அமைதி என்பதற்குப் பின்னால் ஒட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணியின் மௌனத்தையே எடுத்து அண்ணியின் பேச்சுக்கு ஒட்டுப் போட்டாள். மூலப் பதிவை அழித்தாள். அழித்தவை போய்ச் சேருகிற இடத்தையும் காலி செய்தாள். பிறகு முகம் கழுவப் போனவள் கண்ணாடியைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

"அழகா இருக்கு. ஜன்னல் பக்கத்துல நின்னு, அவ பாட்டுக்கு அவ வேலையப் பாக்குறா. எவ்வளவு அமைதி. சத்தமே இல்ல."

மிஞ்சியது அவ்வளவுதான். இப்போது அதன் வாலில் ஒரு மூச்சு.

வெட்டினாள். ஓடவிட்டாள். மூச்சு இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினாள். மூச்சும் உள்ளே தள்ளி வந்திருந்தது. திரையில் ஒலியைக் காட்டுகிற கோடு அந்த இடத்தில் ஒரு புடைப்பும் இல்லாமல் படுத்துக் கிடந்தது. கணினிக்கு ஏதோ கேடு என்று நினைத்து, பஸ் ஓட்டுநரின் பதிவைத் திறந்தாள். அல்லிப்பூ, ரோடு, கண்ணாடி, அவருடைய கனத்த சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் மூச்சை இழுத்தாள். ஆசிரியையின் பதிவில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில். நர்ஸின் பதிவில், அவள் பேசத் தொடங்குவதற்கு முன்னாலேயே. எங்கெங்கே இவள் கத்தரி பட்டதோ அங்கெல்லாம்.

மேலாளர் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் நின்றவாக்கில் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார். இருக்கிறதிலேயே பால்காரப் பெண்ணின் பதிவுதான் உயர்த்தி, யார் இந்தச் சாந்த சொரூபி என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றாள். அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் சேர்த்து உடம்பு கூசியது.

அவர் போனபின் மாடியே காலியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்து, எதிர்க் கட்டடத்தின் சுவரில் கடைசி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஷட்டரை இழுத்துவிடுகிற சத்தமும் அதன்பின் குளிர்சாதனப் பெட்டி ஒரே சுருதியில் உறுமுகிற சத்தமும்தான் மிச்சம். ஒட்டுப் போட்ட மௌனத்தில்தான் பழுது இருக்க வேண்டும், வேறு மௌனத்தைப் பதிந்து மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு அவள் பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

படம் இன்னும் சுவரோரம்தான் இருந்தது. நாற்காலியும் அதே இடத்தில். உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டி, அறையின் மௌனத்தைப் பதியத் தொடங்கினாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது, உள்ளே கத்தினாலும் ஒரு பொட்டு வெளியே போகாது. படத்தில் ஜன்னல் வெளிச்சம் பெண்ணின் நெற்றியிலும் மஞ்சள் உடுப்பிலும் விழுந்து, மடித்துவிட்ட கையில் இறங்கி, ஜாடியின் வாயிலிருந்து நூலாக இறங்கும் பாலோடு நின்றுவிட்டது. மேசையில் ரொட்டி. பின்னால் வெறுஞ்சுவர், அதில் ஓர் ஆணி. பெண் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எத்தனையோ காலமாக இவளை எல்லோரும் அமைதி, அழகு என்று சொல்லிச் சொல்லிப் போயிருக்கிறார்கள். ஒருவராவது, உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டிருப்பார்களா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் முகம் சுட்டது. படத்தில் இருப்பவளைக் கேட்பது இருக்கட்டும், அண்ணியை அவள் கேட்டதுண்டா.

அப்போது தைல வாசனை வந்தது.

முதலில் லேசாக, யாரோ கதவுக்கு வெளியே நடந்து போனது போல. பிறகு நெடியாக. பிறகு மூக்குக்குப் பக்கத்தில்.

காதுக்குள் ஒரு மூச்சு இழுபட்டது.

பதிவில் இருந்த மூச்சு இல்லை. அவள் எதையும் ஓடவிடவில்லை. முன்னால் இருந்த மைக்கில் விழுந்த மூச்சு அது.

அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது நிற்கவில்லை. இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. எல்லாம் உள்ளே இழுக்கிற மூச்சுதான். ஒன்றுகூட வெளியே விடவில்லை. சொல்லப்போகிற மூச்சு. சொல்ல விடாத மூச்சு. இழுத்து, இழுத்து, இழுத்து.

"அண்ணி?"

நின்றது.

அவ்வளவு கிட்டத்தில் யாரோ காத்திருந்தார்கள். அடுத்து இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று.

ஒன்றும் சொல்ல வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

கூடத்தில் நின்று அண்ணியின் நம்பருக்கு அழைத்தாள். எடுத்தது அண்ணன். குரல் குளுகுளுவென்று இருந்தது.

"என்ன பாப்பா, அதிசயமா இருக்கு?"

அண்ணியிடம் பேச வேண்டும் என்றாள். அவன் சிரித்தான். இப்போதெல்லாம் அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை என்றான்.

"உங்க ஆபீசுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து ஆளே மாறிட்டா. ஒரு மூஞ்சி சுளிப்பு இல்ல, ஒரு முனகல் இல்ல. என்ன மருந்து குடுத்தீங்க?"

வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள். படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். இன்றைக்குக் கையோடு அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அம்மா அழட்டும். மேலாளர் கேட்கட்டும். நாளைக்கு அண்ணியே இன்னொரு முறை பேசட்டும், ஒரு சொல் வெட்டாமல் அப்படியே போட வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இவள்தான் ஊர் வாய்க்குப் பயந்து அண்ணியின் வாயை மூடியவள். பஸ்ஸில் அவள் வாய்விட்டே ஒத்திகை பார்த்தாள். அண்ணா, நீ செய்யிறது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஒரு வீட்டில் குழந்தை பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது, இன்னொரு வீட்டில் டிவி. அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டும் கேட்கவில்லை. தூரம் அதிகமில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன் கதவைத் திறந்து, வா வா என்றான். அவன் குரல் மட்டும் கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குச் சத்தமில்லை. செருப்பைக் கழற்றினாள், தரையில் விழுந்த சத்தம் இல்லை. அந்த மௌனத்தை அவளுக்குத் தெரியும். அவள் பதிந்தது. அவள் ஒட்டியது.

அண்ணி சமையலறையில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கைகளை முழங்கை வரைக்கும் மடித்து விட்டிருந்தாள். பழுத்த பழத்தின் நிறத்தில், மஞ்சளாக, கருநீலமாக, பழசின்மேல் புதுசாக, கை முழுக்க அடிபட்டுக் கன்றிய தடம். மறைக்க இனி ஒன்றுமில்லை என்பது போல.

"அண்ணி."

அண்ணி திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்திருந்த முகம் அடுத்த கணம் இவளைப் பார்த்திருந்தது. நடுவில் இருக்க வேண்டிய அசைவு இல்லை.

"அழகா இருக்கு" என்றாள் அண்ணி. உதடு ஒரு முறை துள்ளியது. "ஜன்னல் பக்கத்துல நின்னு, அவ பாட்டுக்கு அவ வேலையப் பாக்குறா."

இவள் போய் அவள் தோளைப் பிடித்தாள். தோள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். காற்று இல்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை.

"பாத்தியா?" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. "முன்னெல்லாம் கத்திடுவாளோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடுமோன்னு எனக்கே ஒரு பயம் இருக்கும்."

சொல்லிக்கொண்டே வந்து, மேசையைத் துடைப்பவன் போலச் சாதாரணமாக, தங்கையின் கண் முன்னாலேயே அண்ணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

சத்தம் இல்லை.

முகம் ஒரு பக்கம் போகவில்லை. போயிருக்க வேண்டும், போனது வெட்டப்பட்டிருந்தது. முகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழும்பின.

"எவ்வளவு அமைதி" என்றாள் அண்ணி. "சத்தமே இல்ல."

அண்ணன் சிரித்தான். அவன் மறுபடி கையை ஓங்கினான்.

அண்ணா என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் பார்த்த ஒத்திகையெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. மூச்சை இழுத்தாள். இழுத்தாள். அதற்கு மேல் வரவில்லை.

அண்ணி அவளையே பார்த்தாள். கண்கள் மட்டும் துள்ளவில்லை, தாவவில்லை. ஒலிப்பதிவில் கண் கிடையாது. அதை மட்டும் எந்தக் கத்தரியும் தொட்டிருக்கவில்லை. அந்த முகத்துக்குள் அண்ணி முழுசாக இருந்தாள். எல்லாம் தெரிந்து, எல்லாம் வலித்து, நீர் நிறைந்து வழிய, அன்றைக்குக் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கேட்டதற்கு இன்னும் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு, இமைக்காமல் இருந்தாள். அந்தக் கண்களுக்குக் கீழே இருந்த வாய் முதலிலிருந்து ஆரம்பித்தது.